மேக்கில் விண்டோஸ், பிசியில் மேக்: கணினி கேள்வி–பதில்

ஒரு நிறுவனத்தின் கணினியில் இன்னொரு நிறுவனத்தின் இயங்குதளத்தை ஓட்டுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டதால், இந்த இதழில் இப்பகுதி முழுவதும் அதற்கே ஒதுக்கப்படுகிறது. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்கள் இணைக்கப்பட்டுள்ளன.

கேள்வி: எம்2 சிப் கொண்ட மேக்புக் ஏர் வாங்கியிருக்கிறேன். 8 ஜிபி நினைவகம், 256 ஜிபி சேமிப்பிடம். என் அலுவலகக் கணக்குகள் முழுவதும் டேலியில் இருக்கின்றன. அது விண்டோஸில் மட்டுமே இயங்கும். மேக்கில் பூட் கேம்ப் என்று ஒரு வசதி இருப்பதாகவும், அதைக் கொண்டு விண்டோஸை நேரடியாகவே நிறுவிக்கொள்ளலாம் என்றும் நண்பர் சொன்னார். தேடிப் பார்த்தால் அப்படி எதுவும் தென்படவில்லை. வேறு வழி உண்டா? (வரி ஆலோசகர், ஈரோடு)

பதில்: உங்கள் நண்பர் சொன்னது உண்மைதான், ஆனால் அது இன்டெல் பிராசஸர் கொண்ட மேக்குகளைப் பற்றியது. 2006 ஜனவரியில் ஆப்பிள் தன் கணினிகளை பவர்பிசி பிராசஸரிலிருந்து இன்டெலுக்கு மாற்றத் தொடங்கியபோது, விண்டோஸ் கணினிகளுக்குள் இருந்த அதே குடும்பத்துப் பிராசஸர் மேக்குக்குள்ளும் வந்து உட்கார்ந்தது. அப்படியிருந்தும் விண்டோஸ் எக்ஸ்பி அதில் உடனே ஏறிவிடவில்லை. கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் என்ற பழைய ஏற்பாட்டை எக்ஸ்பி எதிர்பார்த்தது, இன்டெல் மேக்குகளிலோ அந்த இடத்தில் ஈஎஃப்ஐ என்ற புதிய ஏற்பாடு இருந்தது. இந்தத் தடையைத் தாண்டுபவருக்குப் பரிசு தருவதாக ஆர்வலர்கள் தங்களுக்குள் பணம் திரட்டிப் போட்டி அறிவித்தார்கள், மார்ச் மாதத்தில் இருவர் சேர்ந்து அந்தப் பரிசைத் தட்டிச் சென்றார்கள். ஏப்ரல் 5 அன்று ஆப்பிளே பூட் கேம்ப்பின் சோதனைப் பதிப்பை வெளியிட்டது. 2007 அக்டோபரில் வந்த, மேக் இயங்குதளத்தின் லெப்பர்டு பதிப்பிலிருந்து அது மேக்கின் நிரந்தர அங்கமானது.

2020 நவம்பரில் எம்1 சிப் கொண்ட மேக்குகள் வந்தவுடன் இந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. எம்1 முதலான ஆப்பிள் சிப்கள் ஏஆர்எம் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒரு குடும்பத்துப் பிராசஸருக்கென்று எழுதப்பட்ட கட்டளைகளை மற்றொரு குடும்பம் அப்படியே நிறைவேற்றாது. ஏஆர்எம் பிராசஸருக்கென்று மைக்ரோசாஃப்ட் தனியாக ஒரு விண்டோஸ் வைத்திருப்பது உண்மை, ஆனால் அதை இந்த மேக்குகளில் நேரடியாக நிறுவுவதற்கான டிரைவர்களை (வன்பொருளை இயக்கும் துணை நிரல்களை) ஆப்பிளும் தரவில்லை, மைக்ரோசாஃப்டும் தரவில்லை. ஆகவே உங்களுக்கு எஞ்சியிருப்பது, மேக் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதற்குள் ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கி அதில் ஏஆர்எம் விண்டோஸை இயக்கும் வழி ஒன்றுதான். பேரலல்ஸ் டெஸ்க்டாப் என்ற கட்டண மென்பொருள் இதைச் சிரமமின்றிச் செய்து தருகிறது. எம்1, எம்2 மேக்குகளில் அதன்வழி விண்டோஸ் 11 புரோ, எண்டர்பிரைஸ் பதிப்புகளை இயக்க 2023 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்டும் முறைப்படி ஒப்புதல் அளித்தது. இதே வேலையைச் செய்யும் விஎம்வேர் ஃப்யூஷன் 2024 நவம்பரிலிருந்து வணிகப் பயன்பாட்டுக்கும் கட்டணமின்றிக் கிடைக்கிறது, யூடிஎம் என்ற திறமூல மென்பொருளும் இருக்கிறது. எதைப் பயன்படுத்தினாலும் விண்டோஸ் உரிமத்தைத் தனியாக வாங்க வேண்டும் என்பதைச் செலவுக் கணக்கில் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்டெல் குடும்பத்துக்காக எழுதப்பட்ட சாதாரண மென்பொருள்களை ஏஆர்எம் விண்டோஸ் 11 தானே மொழிபெயர்த்து ஓட்டிக்கொள்ளும். கணக்கு மென்பொருள் போன்றவற்றில் அந்த வேகக் குறைவு பெரிதாகத் தெரியாது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கருவிகளை இயக்கும் டிரைவர்களை இந்த மொழிபெயர்ப்பு தொடாது. அவை ஏஆர்எம்முக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். பில் அடிக்கும் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், டிஜிட்டல் கையொப்பத்துக்கான யூஎஸ்பி டோக்கன், கைரேகைக் கருவி ஆகியவற்றில் எவை உங்கள் மேசையில் இருக்கின்றனவோ, அவை ஒவ்வொன்றுக்கும் ஏஆர்எம் டிரைவர் உண்டா என்று தயாரிப்பாளரிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே பணத்தைச் செலவிடுங்கள். கையொப்ப டோக்கனுக்கு மேக் டிரைவரே கிடைத்தால், அந்த வேலையை விண்டோஸுக்குள் கொண்டுபோகாமல் மேக்கிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

உங்களுடையது 8 ஜிபி நினைவகம். விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி வேண்டும், சேமிப்பிடத்தில் 64 ஜிபி ஒதுக்க வேண்டும். நினைவகத்தில் பாதியை விண்டோஸுக்குக் கொடுத்துவிட்டால் மீதிப் பாதியில் மேக் திணறும். டேலியை மட்டும் திறந்து வைத்திருக்கும்வரை சமாளிக்கலாம், பிரவுசரில் வரித்துறைத் தளம், மின்னஞ்சல், எக்செல் கோப்பு என்று ஒவ்வொன்றாகச் சேரும்போது இரண்டு இயங்குதளங்களும் மந்தமாகும். இந்த மேக்கில் பின்னாளில் நினைவகத்தைக் கூட்டவும் முடியாது.

விசைப்பலகையையும் கவனத்தில் கொள்ளுங்கள். டேலியில் எஃப்5 அழுத்தினால் பேமெண்ட், எஃப்8 அழுத்தினால் சேல்ஸ், எஃப்9 அழுத்தினால் பர்ச்சேஸ் என்று விரல்கள் தானாகவே போய்ப் பழகியிருக்கும். மேக்புக் ஏரிலோ அந்த வரிசை விசைகளுக்கு வேறு வேலைகள் உண்டு. எஃப்5 பேச்சைக் கேட்டு எழுதும் வசதி, எஃப்8 பாட்டை ஓட்டவும் நிறுத்தவுமான விசை. விற்பனை வவுச்சர் திறப்பதற்காக அழுத்தினால் பாட்டு ஒலிக்கத் தொடங்கலாம். மேக்கின் சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டு பகுதிக்குச் சென்று, எஃப் வரிசை விசைகளை வழக்கமான செயல் விசைகளாகவே பயன்படுத்தும் தெரிவை இயக்கிவிட்டால் இந்தத் தொல்லை தீரும். எண்கள் மட்டும் கொண்ட யூஎஸ்பி விசைப்பலகை ஒன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனெனில் மேக்புக்கில் எண் பகுதி தனியாகக் கிடையாது.

இவ்வளவையும் சொன்னபின் என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். அன்றாடப் பிழைப்புக்கான மென்பொருள் ஒன்றே ஒன்று, அதுவும் விண்டோஸில் மட்டும் ஓடுவது என்னும்போது, பேரலல்ஸுக்கு ஆண்டுச் சந்தா கட்டுவதைவிட, விண்டோஸ் புரோ பதிப்புடன் பழைய மேசைக் கணினி ஒன்றை வாங்கி அலுவலகத்தில் வைத்துவிட்டு, மைக்ரோசாஃப்டின் 'விண்டோஸ் ஆப்' என்ற மென்பொருள்வழி மேக்கிலிருந்து அதில் நுழைந்து வேலை செய்வதையே நான் பரிந்துரைப்பேன். பிரிண்டரும் டோக்கனும் அந்தக் கணினியிலேயே செருகியிருக்கும், டிரைவர் பிரச்சினை எழாது, உங்கள் மேக்கின் நினைவகமும் மிஞ்சும். விண்டோஸ் ஹோம் பதிப்பில் இப்படி வெளியிலிருந்து நுழையும் வசதி கிடையாது என்பதால் புரோ பதிப்பா என்று பார்த்து வாங்குங்கள். அலுவலகத்துக்கு வெளியிலிருந்து இணைக்க விரும்பினால், ரவுட்டரில் வாசலைத் திறந்து வைக்காமல் விபிஎன் (இணையம்வழிப் பாதுகாப்பான தனி இணைப்பு) அமைத்துத் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: மகன் என் மேக்கில் வேலரண்ட் விளையாட வேண்டும் என்கிறான். பேரலல்ஸ் போட்டால் ஓடுமா? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: ஓடாது. அந்த விளையாட்டுக்கு மேக் பதிப்பு கிடையாது; அதனோடு வரும் வான்கார்டு என்ற மோசடித் தடுப்பு மென்பொருள் விண்டோஸின் அடியாழம்வரை இறங்கி வேலை செய்வது, மெய்நிகர் கணினிக்குள் இயங்க அது அனுமதிப்பதுமில்லை. தனியாளாக ஆடும் விண்டோஸ் விளையாட்டுகள் பலவற்றை கிராஸ்ஓவர் என்ற மென்பொருள்வழி விண்டோஸே இல்லாமல் மேக்கில் ஓட்டலாம். வலையில் பலரோடு ஆடும் போட்டி விளையாட்டுகளுக்கு விண்டோஸ் கணினிதான் சரி.

கேள்வி: பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஐஃபோன் செயலிகள் உருவாக்கப் பழக வேண்டும், அதற்கான எக்ஸ்கோடு என்ற மென்பொருள் மேக்கில் மட்டுமே கிடைக்கிறது. என்னிடம் இருப்பதோ டெல் லேப்டாப். மேக்கில் விண்டோஸைப் போட ஆப்பிளே வழி செய்து கொடுத்திருந்தபோது, டெல்லில் மேக் ஓஎஸ் போடுவதை மட்டும் ஏன் தடுக்கிறது? ஹேக்கின்டாஷ் (சாதாரணப் பிசியில் மேக் ஓஎஸ்ஸை ஓடவைப்பது) செய்யலாமா? (மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: இரண்டு நிறுவனங்களுக்கும் வருமானம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள், விடை அதிலேயே இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் விற்பது மென்பொருள் உரிமம். அது எந்தப் பெட்டியில் ஓடினாலும் அதற்கு லாபம். ஆப்பிள் விற்பது பெட்டி. மேக் ஓஎஸ் அந்தப் பெட்டியை வாங்கவைக்கும் காரணம். மேக்கில் விண்டோஸ் ஓடினால் ஆப்பிளுக்கு ஒரு பெட்டி கூடுதலாக விற்கும், டெல்லில் மேக் ஓஎஸ் ஓடினால் ஒரு பெட்டி விற்காமல் போகும். இன்டெலுக்கு மாறப்போவதாக 2005 ஜூனில் அறிவித்தபோதே, மேக்கில் விண்டோஸ் போடுபவர்களைத் தடுக்கும் எண்ணமில்லை, மேக் இயங்குதளத்தை மற்ற கணினிகளில் ஓட அனுமதிக்கும் எண்ணமும் இல்லை என்று ஆப்பிளின் மூத்த அதிகாரி ஃபில் ஷில்லர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

இந்தப் பிடிவாதத்துக்குப் பின்னால் ஒரு சூடுபட்ட அனுபவமும் இருக்கிறது. 1995-லிருந்து பவர் கம்ப்யூட்டிங், மோட்டோரோலா, யூமேக்ஸ் போன்ற நிறுவனங்களுக்கு மேக் இயங்குதளத்தை உரிமம் கொடுத்து, மேக்குக்கு நிகரான கணினிகளைத் தயாரிக்க ஆப்பிள் அனுமதித்திருந்தது. விண்டோஸ் பயனர்களை இழுத்து வந்து மேக்கின் சந்தையை விரிவாக்குவார்கள் என்பது எதிர்பார்ப்பு. அவர்களோ ஆப்பிளைவிடக் குறைந்த விலைக்கு, சில சமயங்களில் ஆப்பிளுடையதைவிட வேகமான கணினிகளை விற்று, ஆப்பிளின் வாடிக்கையாளர்களையே இழுத்துக்கொண்டார்கள். 1997-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் திரும்பி வந்ததும் இதற்கு முடிவு கட்டினார். ஒப்பந்தங்கள் சிஸ்டம் 7 பதிப்புகளுக்கு மட்டுமே பொருந்துபவையாக இருந்தன. அடுத்து வந்த பதிப்புக்கு மேக் ஓஎஸ் 8 என்று பெயர் சூட்டப்பட்டதால் அவை அதற்குப் பொருந்தாமல் போயின. பவர் கம்ப்யூட்டிங்கின் மேக் வணிகத்தை ஏறத்தாழ 10 கோடி டாலர் மதிப்பில் ஆப்பிளே வாங்கிக்கொண்டது.

இன்டெல் காலத்தில் மறுபடியும் ஒரு முயற்சி நடந்தது, இம்முறை அனுமதி கேட்காமல். அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்து சைஸ்டார் என்ற சிறு நிறுவனம் 2008 ஏப்ரலில், கடையில் காசு கொடுத்து வாங்கிய லெப்பர்டு பிரதிகளோடு, அதைத் தன் சாதாரணப் பிசிகளில் ஓடும்படி நிறுவி விற்கத் தொடங்கியது. தொடக்க விலை 399 டாலர். ஜூலையில் ஆப்பிள் வழக்குத் தொடுத்தது. பிரதியைக் காசு கொடுத்து வாங்கியபின் அதை எதில் நிறுவுவது என்பது எங்கள் உரிமை என்பது சைஸ்டாரின் வாதம். கலிஃபோர்னியா மாவட்ட நீதிபதி வில்லியம் ஆல்சப் அதை ஏற்கவில்லை. மென்பொருளைத் திருத்தியது, திருத்தியதைப் பல கணினிகளுக்குப் படியெடுத்தது, பாதுகாப்புப் பூட்டை உடைத்தது ஆகிய எல்லாமே பதிப்புரிமை மீறல்கள் என்று 2009 நவம்பரில் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011-ல் அதை உறுதி செய்தது, 2012-ல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது. மேக் ஓஎஸ்ஸின் உரிம ஒப்பந்தம் அன்றும் இன்றும் ஆப்பிள் முத்திரை கொண்ட கணினிகளுக்கு மட்டுமே அதை அளிக்கிறது. வீட்டில் தனியாக ஹேக்கின்டாஷ் செய்பவர்கள் மீது ஆப்பிள் இந்த அளவுக்குப் பாய்ந்ததில்லை. அதற்காக அது உரிமத்துக்கு உட்பட்ட செயலாகிவிடாது.

அந்தப் பூட்டு எப்படிப்பட்டது என்பதையும் கேளுங்கள். இன்டெல் மேக்கின் பலகையில் விசிறி வேகம், வெப்பநிலை, மின்சாரம் போன்றவற்றைக் கவனித்துக்கொள்ளும் எஸ்எம்சி என்ற சிறு சிப் இருக்கிறது. ஃபைண்டர், டாக் போன்ற அடிப்படை நிரல்கள் குறியாக்கம் செய்யப்பட்ட நிலையில்தான் வட்டில் இருக்கும். அவற்றைத் திறக்கும் சாவியை எஸ்எம்சியிடம் கேட்டு வாங்கும் பொறுப்பு, இயங்குதளத்துக்குள் இருக்கும் ஒரு சிறு துண்டு நிரலுடையது. அந்த நிரலின் பெயரே 'மேக் ஓஎஸ் எக்ஸைத் திருடாதே' என்று பொருள்படுவது. சாவியாகத் திரும்பி வரும் எழுத்துச் சரமும், எங்கள் கடின உழைப்பு இச்சொற்களால் காக்கப்படுகிறது, தயவுசெய்து திருடாதீர்கள் என்று ஆங்கிலத்தில் கெஞ்சும் ஒரு வாக்கியம்தான். ஹேக்கின்டாஷ் செய்பவர்கள் பயன்படுத்தும் ஓபன்கோர் போன்ற தொடக்கி நிரல்களும் அவற்றோடு சேரும் துணை நிரல்களும், எஸ்எம்சி இல்லாத பிசியில் அது இருப்பதுபோல் பாவனை காட்டி இந்தச் சாவியை எடுத்து நீட்டுகின்றன.

உங்களுக்கு வேண்டாம் என்று நான் சொல்வதற்குச் சட்டம் மட்டும் காரணமல்ல. ஹேக்கின்டாஷ் என்பது லேப்டாப்பில் எப்போதுமே கடினமான வேலை. என்விடியா கிராஃபிக்ஸ் புதிய மேக் பதிப்புகளில் இயங்காது, வைஃபை முதல் டச்பேடு வரை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மல்லுக்கட்ட வேண்டும், ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும் எது உடையுமோ என்று காத்திருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, 2025 செப்டம்பரில் வெளிவந்த டஹோதான் இன்டெல் மேக்குகளுக்கான கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. இனி வரும் பதிப்புகள் ஆப்பிள் சிப்பில் மட்டுமே ஓடும் என்றால், இன்டெல் பிசியில் அவற்றை ஏற்ற வழியே இராது; புதிய ஐஃபோன்களுக்கான எக்ஸ்கோடு புதிய மேக் ஓஎஸ்ஸைக் கேட்கும் என்பதால், இன்று நீங்கள் கட்டி எழுப்பும் ஹேக்கின்டாஷ் உங்கள் படிப்பு முடிந்து வேலைக்குப் போகும் நேரத்தில் காலாவதியாகியிருக்கும்.

எம்1 சிப் கொண்ட பழைய மேக் மினி ஒன்றைத் தேடுங்கள்; சாதாரண மானிட்டர், விசைப்பலகை, மவுஸ் அதற்குப் போதும். அதுவரை ஸ்விஃப்ட் மொழியை டெல்லிலேயே கற்கலாம், அதன் தொகுப்பி (கம்பைலர்) விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் கிடைக்கிறது. செயலி முடிந்து ஆப் ஸ்டோருக்கு அனுப்பும் கட்டத்தில் மட்டும் மேக் தேவைப்பட்டால், அமேசானின் மேகக்கணிச் சேவையில் உண்மையான மேக் மினிகளை வாடகைக்கு எடுக்கலாம். குறைந்தபட்சம் 24 மணி நேரத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும் என்பதால் வேலையைச் சேர்த்துவைத்து ஒரே மூச்சில் முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னிடம் 2015-ம் ஆண்டு வந்த 13 அங்குல மேக்புக் புரோ இருக்கிறது. திரையும் விசைப்பலகையும் இன்னும் புதிதுபோலவே இருக்கின்றன, ஆனால் புதிய மேக் ஓஎஸ் ஏறவில்லை, பிரவுசரும் எச்சரிக்கை காட்டுகிறது. பூட் கேம்ப் வழியாக விண்டோஸ் போட்டுவிட்டால் இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்)

பதில்: உங்கள் மேக்கில் பூட் கேம்ப் இருக்கிறது, விண்டோஸ் 10 அதில் நன்றாகவே ஓடும். ஆனால் விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தாலும் பாதுகாப்புத் திருத்தங்கள் கூடுதலாக ஓராண்டுக்குத்தான் வரும். விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் உங்களுடையதைவிடப் புதிய பிராசஸரையும் கேட்கிறது. அந்தச் சோதனையை ஏமாற்றி நிறுவும் குறுக்குவழிகள் புழக்கத்தில் உள்ளன. அப்படி நிறுவியதற்குப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்ற உத்தரவாதத்தை மைக்ரோசாஃப்ட் தருவதில்லை. ஆதரவு முடிந்த மேக் ஓஎஸ்ஸிலிருந்து ஆதரவு முடிந்த விண்டோஸுக்குத் தாவுவதில் என்ன லாபம்?

லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். இன்டெல் மேக் லினக்ஸுக்கு நன்றாக ஒத்துழைக்கும் கணினி, மின்ட்டின் தோற்றமும் விண்டோஸில் பழகியவர்களுக்கு மிரட்சி தராது. முதலில் உங்கள் கோப்புகள் எல்லாவற்றையும் வெளிப்புற ஹார்டு டிஸ்க்குக்குப் படியெடுத்துவிடுங்கள். மின்ட்டை எழுதிவைத்த பென்டிரைவைச் செருகி, ஆப்ஷன் விசையை அழுத்திப் பிடித்தபடியே கணினியை இயக்குங்கள். சாம்பல் நிறத் திரையில் உள் வட்டுக்கு ஒரு படமும், பென்டிரைவுக்கு மஞ்சள் நிறத்தில் 'ஈஎஃப்ஐ பூட்' என்று எழுதிய படமும் வரும். அந்த மஞ்சள் படத்தைத் தேர்ந்தெடுத்தால், உள் வட்டைத் தொடாமலே பென்டிரைவிலிருந்து மின்ட் ஓடத் தொடங்கும். திரை, ஒலி, டச்பேடு எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று நிதானமாகப் பார்த்துவிட்டு, திருப்தி ஏற்பட்ட பிறகு உள்ளே நிறுவினால் போதும்.

இரண்டு இடங்களில் தடுமாறலாம். மேக்கின் வைஃபை சிப் பிராட்காம் நிறுவனத்துடையது, அதற்கான டிரைவரை இணையத்திலிருந்து இறக்க வேண்டியிருக்கலாம்; வைஃபை இல்லாமல் இணையம் ஏது என்று திகைக்காமல், உங்கள் ஆண்ட்ராய்டு கைபேசியை யூஎஸ்பி கேபிளால் இணைத்து, கைபேசி அமைப்புகளில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். மின்ட் உடனே இணையத்தைப் பிடித்துக்கொள்ளும், பிறகு டிரைவர் மேலாளரில் பிராட்காம் டிரைவரைத் தேர்ந்தெடுத்தால் வைஃபை வந்துவிடும். மற்றொன்று கேமரா. அதற்கு ஆர்வலர்கள் எழுதிய டிரைவர் ஒன்று உண்டு, ஆனால் அதை நிறுவுவது சற்று நெளிவுசுளிவான வேலை. பேரப்பிள்ளைகளோடு காணொளியில் பேசுவதற்கென்றால் சாதாரண யூஎஸ்பி வெப்கேம் ஒன்றை வாங்கிச் செருகிவிடுவது எளிது.

இதே கேள்வியை 2018 முதல் 2020 வரை வந்த இன்டெல் மேக்குகளுக்காகக் கேட்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த மேக்குகள் பெரும்பாலானவற்றில் டி2 என்ற பாதுகாப்புச் சிப் இருக்கிறது. லினக்ஸை அனுமதிக்க, மீட்பு நிலையில் சென்று தொடக்கப் பாதுகாப்பு அமைப்பைத் தளர்த்த வேண்டும். லேப்டாப்பின் விசைப்பலகையும் டச்பேடும் அந்தச் சிப்பின் வழியாகவே பேசுவதால், டி2-வுக்கென்று திருத்தப்பட்ட லினக்ஸ் பதிப்புதான் தேவைப்படும்.

கேள்வி: எம்1 மேக்புக்கில் லினக்ஸை நேரடியாக நிறுவ முடியும் என்கிறார்கள். விண்டோஸுக்குத் திறக்காத கதவு லினக்ஸுக்கு மட்டும் எப்படித் திறந்தது? (மென்பொருள் பொறியாளர், சென்னை)

பதில்: கதவை ஆப்பிள் பூட்டவில்லை என்பதுதான் இதில் பலருக்கும் வியப்பாக இருக்கும் செய்தி. ஐஃபோனில் ஆப்பிள் கையொப்பமிடாத இயங்குதளம் எதுவும் தொடங்காது. எம் வரிசை மேக்குகளில் அப்படியல்ல. கணினியின் உரிமையாளர் மீட்பு நிலையில் தன் கடவுச்சொல்லைக் கொடுத்து, தான் நிறுவும் இயங்குதளத்துக்குத் தானே அனுமதி வழங்கலாம், பக்கத்திலேயே இருக்கும் மேக் ஓஎஸ்ஸின் பாதுகாப்பு அதனால் குறைவதுமில்லை. ஆனால் கதவைத் தாண்டியபின் உள்ளே விளக்கு எங்கே, படிக்கட்டு எங்கே என்று எதையும் ஆப்பிள் சொல்லித்தருவதில்லை. சிப்பின் உள்ளமைப்பு பற்றிய ஆவணங்கள் வெளியே கிடையாது. ஹெக்டர் மார்ட்டின் 2021-ல் தொடங்கிய அசாஹி லினக்ஸ் திட்டத்தினர், மேக் ஓஎஸ் தன் வன்பொருளோடு எப்படிப் பேசுகிறது என்பதை வெளியிலிருந்து கவனித்துக் கவனித்தே கிராஃபிக்ஸ் டிரைவர் உட்பட ஒவ்வொன்றையும் எழுதினார்கள். 2022 ஜூலையில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தாமே லினக்ஸ் 5.19 கெர்னலை (இயங்குதளத்தின் மையக் கருவை) எம்2 மேக்புக் ஏரிலிருந்து வெளியிட்டதாக அறிவித்தார். அந்த மடிக்கணினியில் ஓடிக்கொண்டிருந்தது அசாஹி. எம்1, எம்2 மேக்குகளுக்கான ஃபெடோரா அசாஹி ரீமிக்ஸ் 2023 டிசம்பரில் வந்தது.

மூடிய விண்டோஸில் வெளியார் இப்படி உட்கார்ந்து திருத்த முடியாது. அதன் உரிமையாளரான மைக்ரோசாஃப்ட் மனம் வைத்தால்தான் உண்டு. நிறுவ நினைத்தால் மேக் ஓஎஸ்ஸை முழுவதும் அழித்துவிடாதீர்கள், சிப்பின் ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள் பதிந்திருக்கும் நிரல்) புதுப்பிப்புகள் அதன் வழியாகத்தான் வரும். டச் ஐடி லினக்ஸில் வேலை செய்யாது. அலுவலகப் பணிக்கான ஒரே கணினி என்றால், யூடிஎம்மில் மெய்நிகர் லினக்ஸாக வைத்துக்கொள்வதே போதும் என்பேன்.

கேள்வி: விண்டோஸை விட்டு மேக்குக்கோ லினக்ஸுக்கோ மாறினால், பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருக்கும் பழைய தமிழ்க் கோப்புகள் என்ன ஆகும்? தமிழ்99 விசைப்பலகை கிடைக்குமா? (அச்சக உரிமையாளர், சிவகாசி)

பதில்: பாமினி சாதாரண ட்ரூடைப் எழுத்துரு. அந்த எழுத்துருக் கோப்பை அப்படியே மேக்கிலோ லினக்ஸிலோ நிறுவிக்கொண்டால் பழைய வேர்டு கோப்புகளில் தமிழ் தெரியும். ஆனால் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளே என்பதால் தேடுதல், அகரவரிசைப்படுத்துதல் எதுவும் நடக்காது. மீண்டும் பயன்படுத்தப்போகும் கோப்புகளையாவது யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். பேஜ்மேக்கர் கோப்புகள் இருந்தால் அவற்றைக் கணினி மாறும் முன்பே பிடிஎஃப் ஆக்கி வைத்துக்கொள்ளுங்கள், பேஜ்மேக்கர் புதிய இடத்தில் நேரடியாக ஓடாது. தமிழ்99 மேக்கில் உள்ளேயே இருக்கிறது, கீபோர்டு அமைப்பில் உள்ளீட்டு மூலங்களில் தமிழைச் சேர்த்தால் போதும். லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாக எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பை நிறுவினால் தமிழ்99 பட்டியலில் வந்துவிடும்.